காந்தல் குளிரில் பால் பைதான்: தெர்மோஸ்டாட் சென்சாரை எங்கே வைப்பது?

காந்தல்காரி
டிசம்பர் 27, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி அக்டோபரில் கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்தேன். காந்தலில் வாடகை வீடு. கூடவே என் பால் பைதான் (ball python, பந்துபோலச் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) சுருளி. நான்கு வருடமாக என்னோடு இருக்கிறான். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்த தாள் கையில் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவையில் அறையே 28, 29 டிகிரி இருக்கும். தொட்டிக்கு அடியில் ஒட்டிய 20 வாட் ஹீட் மேட்டை (கரண்டில் சூடாகும் விரிப்பு) மார்கழி ராத்திரிகளில் மட்டும் போடுவேன். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இருந்ததில்லை. இங்கே வீட்டுக்குள்ளேயே விடியற்காலையில் 11 காட்டுகிறது. நேற்று வாசலில் இருந்த வாளித் தண்ணீரின் மேல் பனித்தகடு படிந்திருந்தது.

தொட்டி கண்ணாடி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே கம்பி வலை மூடி. மேட்டை நாள் முழுக்க போட்டுப் பார்த்தேன். தேங்காய் நார்த்தூளை ஒதுக்கிவிட்டு அடிக்கண்ணாடியில் தெர்மாமீட்டர் வைத்தால் 43. அங்கிருந்து ஒரு சாண் தள்ளிக் காற்றில் வைத்தால் 16. பயந்து அணைத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சில்லிட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து போடுவதும் அணைப்பதுமாகப் பத்து நாள் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை எலி கொடுத்தேன். மூன்றாம் நாள் கக்கிவிட்டான். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் கருவி) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சென்சார் வயர்தான் இருக்கிறது. அதைக் காற்றில் தொங்கவிடுவதா, நார்த்தூளுக்குள் புதைப்பதா, மேட்டின் மேலேயே ஒட்டுவதா? எத்தனை டிகிரி வைப்பது? மலையில் பாம்பு வளர்க்கும் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


தேவர்சோலை
டிசம்பர் 28, காலை 6.15

எங்கள் கூடலூர்ப் பக்கம் இவ்வளவு குளிர் கிடையாது. கோழிக்குஞ்சு இறக்கினால் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு ஒன்று தொங்கவிடுவோம், குஞ்சுகள் அதன் கீழே ஒண்டிக்கொள்ளும். பாம்புக்கும் அது போதாதா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது, வளர்க்கலாமா என்று என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. நம்ம ஊர் மலைப்பாம்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இந்தத் தங்கச்சி வைத்திருப்பது மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கத்துப் பாம்பு. 2024 விதிகள் வந்த பிறகு அதையும் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும். இவர் செய்திருக்கிறார், நல்லது.


டீ ஃபேக்டரி எலக்ட்ரீசியன்
டிசம்பர் 28, காலை 9.30

அம்மிணி, நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில 26 வருஷமா எலக்ட்ரீசியன். என் மக ஆசைப்பட்டு வாங்கின பால் பைதான் ஒண்ணு வீட்டுல இருக்கு. மக படிக்கப் போயிட்டா, ஆறு வருஷமா பாத்துக்கறது நான்தான். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்ல இன்னைக்கு ராத்திரிக்கு. 43 டிகிரி ஆகுற மேட்டைக் கட்டுப்பாடு இல்லாம மறுபடி போடாதீங்க. பாம்பு வயித்துல சூடு ஏறினா சட்டுனு விலகிப் போகும்னு நாம நினைக்கறோம். அது போறதில்லை. குளிர்ல இருக்கற பாம்பு சூடு கிடைச்ச இடத்துல அப்படியே படுத்துக்கிட்டு வெந்து போகும். தொட்டியை வீட்டுலயே சின்ன அறைக்கு மாத்துங்க. மூணு பக்கமும் கம்பளி சுத்துங்க. வெந்நீர்ப் பையைத் துண்டுல சுருட்டி ஒரு மூலையில வைங்க. ரெண்டு நாளைக்கு அது தாங்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். தெர்மோஸ்டாட் சூடு குடுக்காது. போதும்னு சொல்லி நிறுத்தறது மட்டும்தான் அதோட வேலை. போதுமான சூடே வரலைன்னா அது நாள் முழுக்க ஹீட்டரைப் போட்டே வெச்சிருக்கும், நீங்க வெச்ச எண்ணு வரவே வராது.

உங்க தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆறு பக்கமும் சேத்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர். ஒத்தைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட் வெளிய விடும். அறை 11, உள்ள சராசரி 27 வேணும்னா வித்தியாசம் 16. பெருக்கினா 176 வாட். வலை மூடி வழியாப் போறது இதுக்கு மேல. உங்க மேட் 20 வாட். அதனாலதான் அடியில 43, ஒரு சாண் தள்ளி 16. மேட் தொட்ட இடத்தைச் சுடும், காத்தைச் சுடாது. கோயமுத்தூர்ல காத்தை அந்த ஊரே சுட்டுக் குடுத்துச்சு.

அதனால தெர்மோஸ்டாட்டைத் தொடறதுக்கு முன்னாடி தொட்டிக்கு ஸ்வெட்டர் போடுங்க. ஒரு இஞ்ச் தெர்மாகோல் ஷீட் வாங்கிப் பின்பக்கம், ரெண்டு ஓரம், அடிப்பக்கம் எல்லாம் வெளிய இருந்து ஒட்டுங்க. மேட் இருக்கற இடத்துக்கு அடியில மட்டும் வேண்டாம், அங்க காத்து போக இடைவெளி விடணும், இல்லைன்னா மேட்டே புழுங்கிக் கெட்டுடும். வலை மூடியில முக்கால்வாசியைப் பலகையால மூடுங்க. முன்கண்ணாடிக்கு ராத்திரி கம்பளி. இவ்வளவு செஞ்சா 176 வாட் 70 வாட் பக்கம் இறங்கும். 100 வாட் செராமிக் ஹீட்டர் ஒண்ணு போட்டா தாராளமாப் போதும். அது வெளிச்சம் தராது, சூடு மட்டும்தான். பீங்கான் ஹோல்டர்லதான் மாட்டணும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிடும். சுத்தி கம்பிக்கூண்டு கட்டாயம், பாம்பு ஏறிச் சுத்திக்கும். தெர்மாகோல் அதுக்குப் பக்கத்துலயே வரக்கூடாது, தீப்பிடிக்கும்.

தேவர்சோலை அண்ணா சொன்ன குண்டு பல்பு கோழிக்குஞ்சுக்குச் சரி. பாம்புக்கு ராத்திரி இருட்டு வேணும். அதுவுமில்லாம, போட்டு அணைக்கற தெர்மோஸ்டாட்ல பல்பைக் கொடுத்தா ராத்திரி பூரா மின்னி மின்னி அணையும், பல்பும் சீக்கிரம் போயிடும். பல்புன்னா மங்க வெச்சு ஏத்தி இறக்கற வேற வகை தெர்மோஸ்டாட் வேணும்.

இப்ப நீங்க கேட்ட கேள்வி, சென்சார் எங்கன்னு. தெர்மோஸ்டாட்டுக்கு உங்க பாம்பையும் தெரியாது, தொட்டியையும் தெரியாது. அந்த வயரோட நுனி இருக்கற இடம் ஒண்ணுதான் அதுக்கு உலகம். இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஜனவரி மாசம். கூட்டறதுக்குத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினேன். சென்சார் வயர் மேசைக் கால்ல மாட்டி, நுனி கழண்டு பின்னாடி சிமெண்ட் தரையில விழுந்துடுச்சு. நான் பாக்கலை. தரை 12 டிகிரி. தெர்மோஸ்டாட் பாவம் 12-ன்னே பாத்துக்கிட்டு ராத்திரி பூரா மேட்டைப் போட்டே வெச்சிருக்கு. வயர் அறுந்திருந்தா பிழைக்குறி காட்டிக் கத்தியிருக்கும். கீழ விழுந்தா கத்தாது, ஏன்னா அதைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கா நடக்குது. காலையில பாத்தா பாம்பு அந்த இடத்துலயே படுத்திருக்கு, வயித்துச் செதிலெல்லாம் சிவந்து கொப்புளம். கோயமுத்தூருக்குத் தூக்கிட்டு ஓடினேன். சில்வர் சல்பாடயசின் களிம்பு, நார்த்தூளை எடுத்துட்டு வெறும் பேப்பர் விரிப்புன்னு மாசக்கணக்கா வைத்தியம். நாலு தடவை சட்டை உரிச்ச பிறகுதான் தழும்பு மங்குச்சு. மககிட்ட அதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. உங்க பதிவைப் படிச்சதும் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்துச்சு. அதான் இவ்வளவு எழுதறேன்.

ஒரு ஹீட்டருக்கு ஒரு தெர்மோஸ்டாட். ரெண்டையும் ஒண்ணுல கோக்காதீங்க.

மேட்டுக்கு: சென்சார் நுனியை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல, வெளிப்பக்கம் வைங்க. பாம்பு நகர்த்த முடியாது. தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்தாலும் நனையாது. நனைஞ்ச சென்சார் குளிர்னு பொய் சொல்லும், ஹீட்டர் ஓடிட்டே இருக்கும். உள்ள கண்ணாடித் தரையில 32 வரணும். வெளிய சென்சாருக்கு என்ன எண்ணு வெச்சா உள்ள 32 வருதுங்கிறதை நீங்கதான் அளந்து கண்டுபிடிக்கணும். என் தொட்டியில 35 வெச்சா உள்ள 32.

செராமிக்குக்கு: சென்சாரைக் குளிர்ந்த பக்கத்துல, தரையில இருந்து நாலு விரல் உயரத்துல, கண்ணாடியோட சேத்து மீன்தொட்டி சிலிகான் வெச்சு ஒட்டுங்க. 26 வைங்க. தொட்டிக்குள்ள செல்லோ டேப் மட்டும் எங்கயும் வேண்டாம், பாம்பு ஒட்டிக்கிட்டா பிரிக்கும்போது தோல் கிழியும்.

எஸ்டிசி-1000-ல எஃப்1 உங்களுக்கு வேணுங்கற வெப்பம். எஃப்2 வித்தியாசம், அதை 1 வைங்க. 26 வெச்சிருந்தா 25-க்கு இறங்கினதும் போடும், 26 ஆனதும் அணைக்கும். அரை டிகிரி வெச்சா ரிலே, அதாவது உள்ள இருக்கற சுவிட்சு, டக்கு டக்குனு அடிச்சு தேஞ்சு போகும். எஃப்3 கம்ப்ரசருக்கு, நமக்கு வேண்டாம். எஃப்4 சென்சார் தப்பாக் காட்டினா திருத்தறதுக்கு. கொதிக்கற தண்ணியில விட்டு 100 காட்டுதான்னு பாக்காதீங்க, ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93-லயே கொதிச்சுடும். காய்ச்சல் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒரே டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில விட்டு ஒப்பிடுங்க. நமக்கு வேணுங்கற இடமும் 35 பக்கம்தானே.

கடைசியா, ரிலேயோட முனை ரெண்டும் சில சமயம் ஒட்டிக்கும். அப்ப தெர்மோஸ்டாட் அணைன்னு சொன்னாலும் ஹீட்டர் அணையாது. உங்க கீசரைத் திறந்து பாத்தா உள்ள ரெண்டு இருக்கும், தெர்மோஸ்டாட் ஒண்ணு, அது கெட்டா காப்பாத்த கட்-அவுட் ஒண்ணு. அதே மாதிரி செராமிக் லைன்ல சீரிஸா, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா, இன்னொரு தெர்மோஸ்டாட் போட்டு, அதோட சென்சாரை சூடான பக்கம் வெச்சு 35-ல நிறுத்துங்க. மொத்தம் மூணு ஆகுது. செலவுதான், ஆனா நான் இதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்க வாங்கினது பேனல்ல பதிக்கற மாதிரி, பின்னாடி டெர்மினல் எல்லாம் திறந்து கிடக்கும். 230 வோல்ட். தயவுசெஞ்சு நீங்களே மாட்டாதீங்க. தெரிஞ்ச எலக்ட்ரீசியனை வெச்சு பெட்டிக்குள்ள போட்டு, எர்த் குடுத்து, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற சுவிட்சு) வழியா எடுங்க. தண்ணிக் கிண்ணம் பக்கத்துல இருக்கு.

சாப்பாடு: கக்கின நாள்ல இருந்து ரெண்டு வாரம் ஒண்ணும் வேண்டாம். வெப்பம் ஒரு வாரம் நிலையா நின்ன பிறகு, வழக்கமாக் குடுக்கறதுல பாதி அளவு எலி. நடுவுல மூச்சுல கரகரன்னு சத்தம் வந்தா, வாயில சளி நூல் மாதிரி தெரிஞ்சா, காத்திருக்காதீங்க, டாக்டர்கிட்ட போயிடுங்க.


நாயுடுபுரம்
டிசம்பர் 28, மாலை 4.05

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சொன்னதில் சேர்க்க எனக்கு இருப்பது கரண்ட் விஷயம் மட்டும்.

காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலையில் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் தெருவில் ஐந்து நாள் இருட்டு. அப்போது என்னிடம் ஒரு கார்ன் ஸ்நேக் இருந்தது. அதைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள். மூடியில் நான்கு ஓட்டை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி மாற்றினோம். பெட்டிக்குள் 24-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் பெட்டி இன்றும் பரண்மேல் இருக்கிறது. நீங்களும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால்: 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி 1,800 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இன்வர்ட்டரில் வீணாவதும் போகக் கையில் நிற்பது 720 சுமாருக்கு. தெர்மாகோல் போட்ட தொட்டி சராசரி 75 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரம் ஓடும். தெர்மாகோல் இல்லாத தொட்டி என்றால் நான்கு மணி நேரம்கூட வராது.

கரண்ட் போன ராத்திரியில் யாராவது வந்து கரியடுப்பு மூட்டி அறைக்குள் வை என்பார்கள். வைக்கவே வைக்காதீர்கள். கதவைச் சாத்தி உள்ளே கரி மூட்டித் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்கள் இந்த மலைகளில் உண்டு. அந்த நச்சுப்புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாம்புக்கு முன்னால் உங்களுக்கு ஆபத்து.


காந்தல்காரி
ஜனவரி 9, இரவு 8.20

அண்ணா, சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். வீட்டுக்காரரின் தம்பி எலக்ட்ரீசியன். மூன்று தெர்மோஸ்டாட்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் மேட், செராமிக், காவல் என்று எழுதிக் கொடுத்தார். "பாம்புக்கா இவ்வளவும்" என்று முதலில் கேட்டவர், முடித்ததும் சுருளியைப் பார்க்க அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

சென்சார்களில் ஒன்று ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டியது, காய்ச்சல் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எஃப்4-ல் திருத்திவிட்டேன். என் கண்ணாடிக்கு வெளியே 34 வைத்தால் உள்ளே 32 வருகிறது. இன்று காலை புல்லெல்லாம் வெள்ளை, அறைக்குள் 9 டிகிரி. தொட்டியில் குளிர்ந்த பக்கம் 25.4, சூடான பக்கத் தரை 31.8. ஐந்து நாளாக இப்படியே நிற்கிறது. பதினைந்து நாளுக்குப் பிறகு அலாரம் இல்லாமல் தூங்கினேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வெளியே மூடுபனி, துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஆனால் தொட்டிக்குள் ஈரப்பதம் 33 சதவீதம் காட்டுகிறது. மீட்டர் கெட்டுப்போனதா?


டீ ஃபேக்டரி எலக்ட்ரீசியன்
ஜனவரி 9, இரவு 9.10

மீட்டர் சரியாத்தான் காட்டுது அம்மிணி. இதுக்குப் பதில் எங்க ஃபேக்டரியிலேயே இருக்கு. மூடுபனி நாள்ல பச்சை இலை வாடாது. வெளிக்காத்து ஏற்கனவே ஈரம் குடிச்சு நிக்குது, இலையில இருக்கற ஈரத்தை எங்க வாங்கும்? அதனால இலையைப் பரப்பி வாட்டற ட்ரஃபுக்கு, அதாவது நீளத் தொட்டிக்கு, போற காத்துல சூடான காத்தைக் கலந்து விடுவோம். ஈரம் வெளிய எங்கயும் போகலை, ஆனா சூடாயிட்டதால காத்துக்கு மறுபடி தாகம் எடுக்குது. 10 டிகிரியில நூறு சதவீதம் ஈரமா இருக்கற மூடுபனிக் காத்தை அப்படியே 30-க்கு ஏத்தினா 29 சதவீதம்தான் நிக்கும். உங்க செராமிக் அந்த வேலையைத்தான் செய்யுது.

பால் பைதானுக்கு 55-ல இருந்து 65 வேணும். இல்லைன்னா சட்டை துண்டு துண்டா உரியும், கண்மேல இருக்கற தோல் கழறாம நிக்கும். தண்ணிக் கிண்ணத்தைப் பெருசு பண்ணி நடுவுக்குக் கொண்டு வாங்க. மூடியில இன்னும் கொஞ்சம் மூடுங்க, முழுக்க வேண்டாம். நார்த்தூளை மூலையில தண்ணி ஊத்தி அடியில ஈரம், மேல காய்ஞ்ச மாதிரி வைங்க. ஒரு மண்சட்டியில வாசல் மாதிரி உடைச்சுக் கவுத்து, உள்ள ஈர நார்த்தூள் போட்டா அவனே தேவைக்குப் போய்ப் படுத்துக்குவான். ஈரம்னதும் ஷோலாக் காட்டுல போய்ப் பாசி பிடுங்கிட்டு வராதீங்க, அது காட்டுலயே இருக்கட்டும்.

முடிஞ்சா ஒரு படம் போடுங்க.


காந்தல்காரி
ஜனவரி 16, மாலை 6.45

ஈரப்பதம் 58. போன ஞாயிற்றுக்கிழமை பாதி அளவு எலி கொடுத்தேன். இன்றைக்கு நான்காம் நாள், கக்கவில்லை. சட்டிக்குள் சுருண்டு படுத்திருக்கிறான், வாசலில் மூக்கு மட்டும் தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன்.


டீ ஃபேக்டரி எலக்ட்ரீசியன்
ஜனவரி 16, இரவு 7.30

பையன் நல்லா இருக்கான். மக கிட்டயும் காட்டினேன், சந்தோஷப்பட்டா.

படத்துல வலது ஓரம் பாருங்க. காவல் தெர்மோஸ்டாட் சென்சாரோட வயர் மூடிக்கு வெளிய வளையமாத் தொங்குது. கூட்டும்போது கை பட்டா இழுத்துடும். தொட்டி ஓரத்துல ரெண்டு கிளிப் அடிச்சு இறுக்கிடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.


காந்தல்காரி
ஜனவரி 16, இரவு 7.55

இரண்டு கிளிப்பும் அடித்துவிட்டேன் அண்ணா. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.